கொரைரா வீசிய கடைசிப் பந்து

பொழுது மங்கி, மாதா கோவில் மணி அடித்து ஓய்ந்து, தெருவில் மீன் கழுவிய தண்ணீரின் வாடை மட்டும் நடமாடிக்கொண்டிருந்த வேளையில், அந்தச் சத்தம் முதல் தடவையாகக் கேட்டபோது அனஸ்தா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியின் முனையைப் பிடித்துத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றுகிற மாதிரியும், தைக்கத் துணியே இல்லாமல் யாரோ தையல் மெஷினை மிதிக்கிற மாதிரியும் இருந்த ஒரு ரீங்காரம் வாசல் வழியாக உள்ளே வந்தது, கூடத்தைக் கடந்தது, திருஇருதயப் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை ஊதி அணைத்தது, அடுக்களையைத் தாண்டிப் பின்கதவு வழியாக வெளியே போய்விட்டது. வௌவால் என்று அவள் சொல்லிக்கொண்டாள். கன்னியாஸ்திரீகளிடம் படித்து வளர்ந்தவள் என்பதால் பேய் என்று நினைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஜெபமாலையைத் துழாவிய கைக்கு அந்தக் கூச்சம் இல்லை.

அவள் புருஷன் லெரின் கொரைரா, வெள்ளை உடுப்பெல்லாம் மணலாக, மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான்.

"ஏட்டி, பந்து இந்தப் பக்கமா வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்க?"

"போயிட்டு."

"கீழ விழுந்துச்சா?"

"இல்ல."

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

லெரின் கொரைரா மாவட்ட கிரிக்கெட் லீகில், அதிலும் மூன்றாம் டிவிஷனில், சிலுவைத்துறை கடல்விண்மீன் கிளப்புக்காகப் பந்து வீசுகிறவன். மூன்றாம் டிவிஷனுக்குக் கீழே ஒரு டிவிஷன் இருந்திருந்தால் அதிலும் வீசியிருப்பான். வேகமாக ஓடி வருவான், அழகாகக் கையைச் சுழற்றுவான், பந்து மட்டும் தபால்காரனைப் போல நேராகப் போய் மட்டையில் சேர்ந்துவிடும். காற்றில் வளைய வேண்டிய பந்து வளையாது. கடற்காற்று அடிக்கும்போது வீசிப்பார்த்தான், அடிக்காதபோது வீசிப்பார்த்தான், பந்தின் ஒரு பக்கத்தைத் தொடையில் தேய்த்துத் தேய்த்துக் காற்சட்டைகளைத்தான் கிழித்தான், அந்தக் கிழிசலையெல்லாம் தைத்தவள் அனஸ்தா. மற்றப் பையன்கள் கப்பலுக்கும் குவைத்துக்கும் போய்விட்ட பிறகும், "அடுத்த சீசன்ல ஸ்டேட் டீம் ஆளு பாக்க வாராராம்" என்று அவன் சிலுவைத்துறையிலேயே நின்றான். பார்க்க வருகிறவர் ஒவ்வொரு சீசனும் அடுத்த சீசனில்தான் வந்தார். பிள்ளை பிறந்ததும் அவன் திருஇருதயப் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான்: இந்த இறுதியாட்டத்தோடு சரி, அப்புறம் அனஸ்தாவின் அண்ணனுடைய படகு இன்ஜின் பட்டறையில் சேர்ந்துவிடுவேன்.

அந்த இறுதியாட்டத்தின் கடைசி ஓவரின் கடைசிப் பந்து அது. எதிரணி உப்பாற்றூர். மட்டை பிடித்து நின்றவன் சுடலைமணி, பஸ் கண்டக்டர். ஜெயிக்க அவர்களுக்கு இரண்டு ரன் வேண்டும். லெரின் ஓடி வந்து வீசினான், பந்து கையை விட்டுப் போனது, போய், சுடலைமணிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வளைந்தது. ஆயுசு முழுக்க வளையாத பந்து அத்தனைக்கும் சேர்த்து வளைந்தது. வளைந்து மைதானத்தைத் தாண்டி, மீன் ஏலக்கூடத்துக்குள் புகுந்து, கோவிலின் தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேறி, குருசடித் தெருவில் லெரினின் வீட்டைத் துளைத்துக்கொண்டு, ஐஸ் பேக்டரியைச் சுற்றி, மறுநாள் அதே வேளைக்கு மைதானத்துக்குத் திரும்பி வந்து, சுடலைமணியை நோக்கிப் போய், மறுபடியும் வளைந்தது. தரையை மட்டும் தொடவில்லை.

ஊர் இதற்காக ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. ஆட்டம் முடிந்ததா இல்லையா என்பதுதான் ஊருக்கு முக்கியமாக இருந்தது. கிளப்பின் செயலாளரும் ஐஸ் பேக்டரி முதலாளியுமான ஹில்லாரி பர்னாந்து கமிட்டியைக் கூட்டினார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதே என்று யாரோ முனகினார்கள்.

"தாண்டினா என்னடே? தரையத் தொட்டுச்சா? பேட்ல பட்டுச்சா? கீப்பர் கைக்குப் போச்சா?" என்றார் ஹில்லாரி. "பந்து பேட்ஸ்மேனப் பாத்துப் போய்க்கிட்டு இருக்கு. கொஞ்சம் சுத்துவழியாப் போவுது. நம்ம ஊருக்கு பஸ்ஸே அப்படித்தானே வருது?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று தீர்மானமாயிற்று.

அன்றிலிருந்து சிலுவைத்துறை ஒரு பந்துக்குள் குடியேறியது. நடுவராக நின்ற பி.டி. வாத்தியார் ததேயு, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கூழாங்கல்லை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுகிற பழக்கம் உள்ளவர். கடைசிப் பந்துக்கான கல் அவருடைய வலது உள்ளங்கையில் மாட்டிக்கொண்டது. பந்து முடியாமல் கல்லைப் பையில் போடுவது தொழில் தர்மமாகாது என்று அவர் அந்தக் கையைத் திறக்கவே இல்லை, வீட்டில் அவர் சம்சாரம் சோறு ஊட்டினாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இடது கையால் அடித்தார், அதனால் ஒருத்தனுக்கும் வலிக்கவில்லை. சுடலைமணியின் பஸ்ஸுக்கு வழித்தடம் மாற்றப்பட்டு, பந்து வருகிற நேரத்துக்கு அது மைதானத்தில் நிற்கும்படி ஏற்பாடாயிற்று. அவன் டிக்கெட் பையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, மட்டையை வாங்கி, காக்கிச் சட்டையோடு நின்று ஒரு வீச்சு வீசித் தவறவிட்டு மறுபடி ஏறி விசிலடிப்பான், பயணிகள் கைதட்டுவார்கள். முதலில் அவனைக் கல்லெறிந்து துரத்த நினைத்த ஊர், பிறகு அவனுக்கு நண்டுக்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தது.

இடதுபுறம் வளைவதால் பந்து எங்கள் கொள்கையைச் சேர்ந்தது என்று ஒரு கட்சி கொடி நட்டது. மட்டை பிடிப்பவன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது வலதுபுறம்தான் என்று இன்னொரு கட்சி எதிரில் கொடி நட்டது. குருசடித் தெருப் பெண்கள் கெஞ்சிக் கெஞ்சியும் ஒரு தெருவிளக்குக்கு வராத மின்வாரியம், பந்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரே பகலில் கம்பியையெல்லாம் இழுத்துக் கட்டிவிட்டுப் போனது. இது அற்புதமா என்று பங்குச்சாமி மேலிடத்தில் கேட்டார். அமைதி காக்கவும் என்று பதில் வந்தது. ஆகவே அவர் மாலை ஜெபத்தில் பந்து கடக்கிற நேரத்தைப் பார்த்துச் சனங்களைத் தலைகுனியச் சொன்னார், பக்தி கூடியது. பட்டணத்திலிருந்து ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்து, அளந்து, விளைமீன் வறுவல் சாப்பிட்டு, "காற்றுதான் காரணம்" என்று சொல்லிவிட்டுப் போனார். காற்று என்பது ஊருக்கு முன்பே தெரியும்.

லெரின் பெரிய ஆளாகிவிட்டான். ஓவர் முடியாதவன் வேறு பந்து வீசக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டதால் அவன் பந்தைத் தொடுவதே இல்லை. அவனுக்கு மாலை போட்டார்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் விடாமுயற்சி பற்றிப் பேச வைத்தார்கள். தினமும் சாயங்காலம் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய், வீசி முடித்த கை இன்னும் கீழே இறங்காத அதே நிலையில் நின்று காட்டிவிட்டு வருவான். அந்தத் தோளுக்குத் தைலம் தேய்க்கும்போது அனஸ்தா கேட்டாள், "என்னங்க, பட்டறைக்கு எப்ப போகப் போறீங்க?"

"ஆட்டம் முடியட்டும்."

"எப்ப முடியும்?"

அவன் தோளைக் காட்டினான். அவன் கண்ணில் அவள் பார்த்தது பெருமை இல்லை. பந்து விழுந்துவிட்டால், ஒருவேளை சுடலைமணி அதை அடித்துவிட்டால், மறுநாள் காலையில் தான் யாராக எழுந்திருப்போம் என்கிற திகில் அது. அவளுக்கு அந்தத் திகில் புரிந்தது. அவளுடையது வேறு.

அவளுடையது இது. கமிட்டி வீட்டுக்கு வந்து, பந்து போகிற வழியில் தவறிப்போய்க்கூட யாரும் கதவை அடைத்துவிடக் கூடாதென்று, முன்கதவு பின்கதவு இரண்டிலும் இருந்த தாழ்ப்பாள்களையும் அந்தக் காலத்துக் குறுக்குக் கட்டையையும் கழற்றி எடுத்துப்போய்விட்டது. பர்மா தேக்குக் கதவில் கட்டையைச் சொருகுகிற இரும்பு வளையங்களும் அதன் முனை இறங்குகிற சுவர்ப்பொந்தும் மட்டும், பல் விழுந்த வாய் மாதிரி மிச்சமிருந்தன. பந்து தினமும் ஒரே உயரத்தில் போனது: ஸ்டம்புகளின் தலையில் உட்கார்ந்திருக்குமே குச்சிகள், சரியாக அந்த உயரம். பிள்ளை செலினா தொட்டிலில் கிடந்தபோது அது அவளுக்கு மேலே போயிற்று. கவிழ்ந்தபோதும் மேலே போயிற்று. தவழ்ந்தபோது தலைக்குச் சற்று மேலே போயிற்று, ஊரெல்லாம் அதைப் பார்க்கக் கூடியது. பந்துக்கு அடியில் தவழ்ந்தால் தோஷம் கழியும் என்று எவளோ கிளப்பிவிட, பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அனஸ்தாவின் கூடத்தில் வரிசையாகக் குப்புறப் போட்டார்கள், அவள் பாய் விரித்துக் கொடுத்தாள், அவர்கள் போன பிறகு ஈரத்தைத் துடைத்தாள்.

இப்போது செலினா நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். கட்டில்காலைப் பிடித்து எழுந்து, பிடியை விட்டு, தள்ளாடி, தொப்பென்று உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். அனஸ்தா வெற்றிலைத்தட்டில் இருந்த சுண்ணாம்பால் சுவரில் பந்தின் உயரத்துக்குக் கோடு போட்டு, பிள்ளையை அதன் ஓரத்தில் நிறுத்திப் பார்த்தாள். கோடு செலினாவின் நெற்றியில் போனது.

அவள் பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு ஓடினாள். அன்று சாயங்காலம் பந்து மைதானத்துக்கே போகவில்லை. சாலையோடு வளைந்து வளைந்து வந்து அவள் தாய்வீட்டு ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, பிள்ளை கிடந்த பாய்க்கு மேலே போயிற்று. சுடலைமணி மட்டையோடு காத்திருந்து ஏமாந்தான், பஸ் தாமதமானது. மறுநாள் விடிகிறபோதே கமிட்டி ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது.

"நீ இப்படிப் பண்ணலாமாம்மா?" என்றார் ஹில்லாரி, பூப்போல. "பந்து ஒன் பிள்ளையத் தேடுது. பெத்த அப்பன் வீசினதுல்லா."

"அண்ணாச்சி, அவ நிக்கா. அவ நெத்தியில அடிச்சிரும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கதவ மூடிக்கிடுதேன்."

"கதவ மூடினா ஆட்டத்துக்கு இடைஞ்சல் பண்ணின மாதிரி ஆவும். நாளைக்கு உப்பாற்றூர்க்காரன் என்ன சொல்லுவான்? கொரைரா பொண்டாட்டி பந்தத் தடுத்துட்டான்னு சொல்லுவான். ஒன் புருஷன் தலை நிமிந்து நடக்கணுமா வேண்டாமா?"

"எம்புள்ள நிமிந்து நிக்க வேண்டாமா அண்ணாச்சி?"

கமிட்டி இதை ஆழமாக யோசித்தது. பிள்ளையை அந்த நேரத்துக்கு உட்கார வைக்கலாம் என்றார் ஒருவர். சில பிள்ளைகள் மெதுவாக வளர்வதுண்டு, அதற்கு மருந்து இருக்கிறதா என்று விசாரிக்கலாம் என்றார் இன்னொருவர். கடைசியில், தாயையும் பிள்ளையையும் வேனிலேயே திரும்பக் கூட்டிவந்து, கிளப்பின் நீலநிறத்தில், நட்சத்திரம் போட்டு, செலினாவின் தலைக்கு அளவாக ஒரு ஹெல்மெட் செய்து, விழா எடுத்து, பங்குச்சாமி கையால் போட்டுவிட்டார்கள். செலினா அதன் பாரம் தாங்காமல் பின்பக்கம் மல்லாந்து விழுந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கத்து வீட்டு மெற்றில்டா மட்டும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டாள், "ஏட்டி அனஸ்தா, ஒம்புருஷன் என்ன சொல்லுதான்?"

"அவர் ஒண்ணும் சொல்லலக்கா."

"எப்படிச் சொல்லுவான்? அந்தப் பந்துதான அவனத் தூக்கிக்கிட்டுத் திரியுது. எறக்கிவிட்டா நடக்கத் தெரியணுமே."

அன்று லெரின் மைதானத்துக்குப் புறப்பட வெள்ளை உடுப்பை எடுத்தபோது அனஸ்தா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சுவரில் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினாள். அவன் கோட்டைப் பார்த்தான். கோட்டுக்கு மேலே, திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், சின்ன வயதில் பள்ளிக்கூட ஆட்டத்தில் அவன் ஒரே ஒரு தடவை பந்தால் பிடுங்கியெறிந்த நடு ஸ்டம்பு இரண்டு ஆணிகளில் படுத்திருந்தது, அதையும் பார்த்தான். அவன் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

கோவில் மணி அடித்து ஓய்ந்தது. ஏலக்கூடத்தின் பக்கமிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. தெருவில் வழக்கம்போலக் கூடியிருந்த கூட்டம் வழிவிட்டு ஒதுங்கியது. கூடத்தின் நடுவே செலினா கட்டில்காலை விட்டுவிட்டாள். ஹெல்மெட்டை எப்போதோ கழற்றி எறிந்திருந்தாள். அவள் நின்றாள், யாரையும் பிடிக்காமல், இரண்டு கைகளையும் சிறகு மாதிரி விரித்துக்கொண்டு, வாசலைப் பார்த்து, தன்னுடைய வயசுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தவள்போலச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அனஸ்தா ஓடிப்போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ் இல்லாத கதவு திரும்ப வாய் பிளந்தது. அவள் முதுகைக் கொடுத்து நின்றாள். சத்தம் தெருமுனையில் சிலுவை நின்ற குருசடியைத் தாண்டியது, மெற்றில்டாவின் முருங்கையைத் தாண்டியது, படியேறியது, "மாதாவே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பலகையில் வந்து மோதியது. தேக்குப் பலகை வழியாக அவள் முதுகுத்தண்டில் அது ஒரு அடி அடித்தது, அவள் ஆயுசுக்கும் மறக்காத அடி. அப்புறம் ஏதோ படியில் விழுந்து, ஒரு படி இறங்கி, இன்னொரு படி இறங்கி, நின்றது.

ஊர் அத்தனை அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை. கடலே கொஞ்சம் தயங்கியது.

வெளியே முதலில் பேசியவர் ததேயு வாத்தியார். அவர் முடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "டெட் பால்," என்றார், அழுகிற குரலில். "பந்து செத்துப்போச்சு."

"செத்துப்போச்சா?" என்றது கூட்டம்.

"செத்துப்போச்சுன்னா கணக்குல வராதுல்லா!" ஹில்லாரியின் குரல் துள்ளியது. "பேட்ஸ்மேன்கிட்டப் போய்ச் சேராத பந்து டெட் பால் ஆனா மறுபடி வீசணும். அதான சட்டம் வாத்தியாரே?"

"அதான் சட்டம்," என்றார் வாத்தியார், கல்லை மறுபடி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு.

தெருவே ஆர்ப்பரித்தது. வெடி போட்டார்கள். "லெரினு! வெளிய வாடே! ஸ்டம்ப நட்டாச்சு! இன்னொண்ணு வளையும்டே, இதவிடப் பெரிசா வளையும்!" கதவைத் தட்டினார்கள், பிறகு தள்ளினார்கள். அனஸ்தாவின் குதிகால் தரையில் வழுக்கியது. கதவிடுக்கில், கூட்டத்தின் சத்தத்துக்கு அடியில், மைதானத்திலிருந்து வந்துசேர்ந்த சுடலைமணியின் குரல் தனியாக வந்தது.

"லெரின் அண்ணே, நான் கண்டக்டர் சுடலை. ரெண்டு ரன்னுதானண்ணே. நான் எடுத்ததா வச்சுக்கிட்டாலும் சரி, எடுக்கலன்னு வச்சுக்கிட்டாலும் சரி. எனக்கு வீட்டுக்குப் போகணும்ணே."

லெரின் எழுந்து நின்றிருந்தான். அவனுடைய வலது தோள், கூட்டம் அவன் பேரைச் சொல்லச் சொல்ல, தானாகவே உருண்டது. விரல்கள் இல்லாத பந்தைப் பிடித்தன. அவன் கண் கதவின் மேல் இருந்தது. செலினா இன்னும் விழாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். அப்பனைத் தாண்டி, தாய் இருந்த பக்கமாக நடந்து போனாள்.

லெரின் திரும்பிச் சுவருக்குப் போனான். ஆணிகளிலிருந்து ஸ்டம்பை எடுத்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு வந்தான். வெளியே நடுவதற்குத்தான் எடுத்துப்போகிறான் என்று அனஸ்தா நினைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"தள்ளு," என்றான்.

"மாட்டேன்."

"தள்ளுட்டி. கட்டையச் சொருகணும்."

அவள் விலகினாள், ஒரு கையால் பிள்ளையை வாரிக்கொண்டாள். கதவு பிளந்த கொஞ்ச இடைவெளியில் ஹில்லாரியின் மோதிரம் போட்ட விரல்கள் நுழைந்தன. லெரின் தோளைக் கொடுத்து, அந்தத் தைலம் தேய்த்த தோளைக் கொடுத்து, முழு ஓட்டம் ஓடி வந்தவன்போல ஒரு மூச்சில் கதவைச் சாத்த, விரல்கள் அலறிக்கொண்டு வெளியே போயின. ஸ்டம்பின் கூர்முனை முதல் வளையத்துக்குள் போயிற்று, இரண்டாவது வளையத்துக்குள் போயிற்று, வளையாமல், நேராக, அவன் ஆயுசு முழுக்க வீசிய பந்துகளைப் போலவே நேராகப் போய்ச் சுவர்ப்பொந்தில் இறுகி நின்றது.